விரல் நுனி போன மிருதங்கக்காரர் மறுபடி வாசிக்க முடியுமா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணத்தான்

எல்லோருக்கும் வணக்கம். என் சித்தப்பா மகனுக்காகக் கேட்கிறேன். எனக்கு அண்ணன். ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறார். போன வருடம் தகடு அடிக்கும் மிஷினில் வலது கை மாட்டி, நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு போய்விட்டன. காயம் ஆறிவிட்டது. வேலைக்கும் திரும்பிவிட்டார்.

அவர் எங்கள் ஊர்ப் பக்கம் தெருக்கூத்துக்கு மிருதங்கம் வாசிப்பவர். பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்து நடக்கும். ஒரு கூத்துக் குழுவில், ஜமா என்போம், இவர் வாசிப்புக்காகவே கூப்பிடுவார்கள். விபத்துக்குப் பிறகு மிருதங்கத்தைப் பரண் மேல் ஏற்றிவிட்டார். கூத்து பார்க்கவும் வருவதில்லை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

உடம்பில் இப்படி ஒரு குறை வந்த பிறகும் வாசித்தவர்கள் இருக்கிறார்களா? இருந்தால் எப்படி வாசித்தார்கள்? "மனம் இருந்தால் மார்க்கம்" என்று சொல்லி அவரிடம் போய் நிற்க முடியாது. கை எந்த இடத்தில் எப்படிப் படுகிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

ஓசூர் கிட்டார்

தம்பி, உங்கள் அண்ணன் கதையைப் படித்ததும் எனக்கு டோனி ஐயோமி ஞாபகம்தான் வந்தது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம்காரர், கிட்டார் வாசிப்பவர். 1965-ல் அவருக்குப் பதினேழு வயது. தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் அன்றுதான் அவருக்குக் கடைசி நாள். வழக்கமாகப் பிரஸ்ஸை இயக்குபவர் வராததால் இவரை அங்கே உட்கார வைத்தார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. அதே விரல்கள், அதே மாதிரி மிஷின். அவர் இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்துவது வலது கை. அதனால் அடி நேராகத் தொழிலிலேயே விழுந்தது.

அப்போது அவருடைய மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார்காரர் வாசித்தது. ஜாங்கோவுக்கு 1928-ல், அவர் குடியிருந்த வண்டியில் தீப்பிடித்து, இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் வெந்து மடங்கிப் போயின. மிச்சமிருந்த ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்துத்தான் அந்த வேகமான தனி வாசிப்பு எல்லாம். மடங்கிய விரல்களை, பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் சில பிடிகளுக்கு மட்டும் ஒட்டிப் பிடிப்பார். 1934-ல் பாரிசில் தொடங்கிய அவருடைய குழுவின் பதிவுகளை இப்போது கேட்டாலும் எந்த இடத்தில் விரல் குறைகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஐயோமி அதைக் கேட்ட பிறகு செய்ததுதான் முக்கியம். சோப்புத் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் முனைக்குத் தொப்பி மாதிரி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். சாதாரணக் கம்பி அழுத்தினால் வலித்தது, அதனால் பாஞ்சோவின் மெல்லிய கம்பிகளைப் போட்டார். பின்னால் கம்பியின் இழுவையையே தளர்த்திச் சுருதியை இறக்கினார். அவருடைய பிளாக் சப்பாத் ராக் குழுவுக்கு அந்தக் கனமான, தாழ்ந்த ஒலி வந்ததில் இந்தத் தளர்த்தலுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு எத்தனையோ பேர் பத்து விரலும் முழுசாக இருந்தே அந்த ஒலிக்காகச் சுருதியை இறக்கி வாசிக்கிறார்கள்.

ஓசூரில் பிரஸ்ஸில் விரல் கொடுத்தவர்களை எனக்குப் பல பேரைத் தெரியும். அவர்களில் யாருக்கு என்ன வாசிக்கத் தெரிந்திருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. உங்களைப் போல ஒரு தம்பி கேட்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அரூர் தவில்

ஓசூர் நண்பர் சொன்ன அந்த விரல் தொப்பி எங்களுக்குப் புதிதல்ல. தவில் வாசிப்பவர் எல்லோரும் வலது கை விரல்களில் கூடு மாட்டித்தான் வாசிக்கிறோம். துணியைக் கீறி, பசை தடவி, விரல் அளவுக்குச் சுற்றிச் சுற்றிக் காயவைப்போம். கல்லு மாதிரி இறுகிவிடும். இடது கையில் குச்சி. வெறும் விரலால் அந்தத் தோலில் அந்த நாதம் வராது. விரலுக்குத் துணை மாட்டுவது குறை என்று எந்தத் தவில்காரரும் நினைப்பதில்லை.

ஆனால் தம்பி, மிருதங்கத்துக்குக் கூடு ஆகாது. வலந்தலையில், அதாவது வலது கை அடிக்கும் முகத்தில், நடுவே கறுப்பாக இருக்கும் சோறு, கூடு பட்டால் பெயர்ந்துவிடும். நாதமும் கட்டையாகிவிடும். அங்கே சதைதான் பேச வேண்டும்.

உங்கள் அண்ணனுக்கு எது போயிருக்கிறது என்று பாருங்கள். 'நம்' சொல்லுக்கு ஆள்காட்டி விரல் விளிம்பில் அடிக்கும்போது, மோதிர விரல் சோற்றின் ஓரத்தில் லேசாக ஊன்றி நிற்க வேண்டும். அந்த ஊன்றல் இல்லாவிட்டால் சுருதி கலையும், 'நம்' ஒலிக்காது. 'தீ' சொல்லுக்கு நடு, மோதிர, சுண்டு விரல்கள் சேர்ந்து விழ வேண்டும். ஆக, வலந்தலையின் உயிர்நாடியான இரண்டு விரல்கள் போயிருக்கின்றன. இடது கை அடிக்கும் முகமான தொப்பிப் பக்கம் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலும் உள்ளங்கையும் விரல்களின் அடிப்பகுதியும்தான் வேலை செய்கின்றன. நுனி குறைந்தாலும் கும்கி என்ற அந்த வளைந்த நாதம் வரும்.

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். மிருதங்கத்தைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். வலந்தலை இடது கைக்கு, தொப்பி வலது கைக்கு. புதிதாக வாங்க வேண்டியதே இல்லை, அதே மிருதங்கம்தான். பழனி சுப்பிரமணிய பிள்ளை அப்படி வாசித்தவர். 1908-ல் பிறந்து 1962 வரை இருந்தார். அவர் பிறவியிலேயே இடது கைப் பழக்கக்காரர், குறை என்று ஒன்றும் இல்லை. ஆனால் மேடையில் அவருக்கு அது எவ்வளவு கஷ்டத்தைக் கொடுத்தது தெரியுமா? வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால், இடது கைக்காரர் வயலின்காரரின் இடத்தில் உட்கார வேண்டும், வயலின்காரர் எதிர்ப்பக்கம் மாற வேண்டும். அதற்குச் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனாலேயே அவருக்குக் கச்சேரிகள் தவறின. இன்று மிருதங்கத்தின் மூன்று நான்கு பெரிய பெயர்களைச் சொல்லச் சொன்னால் அதில் அவர் பெயர் இருக்கும்.

கூத்தில் அந்தத் தொல்லையும் இல்லை. பின்பாட்டுக்காரர்கள் பெஞ்சில் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

கிருஷ்ணகிரி 635001

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜாங்கோ, ஐயோமி என்று உலகப் பெயர்களைச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விரல் போன பிறகு வாசிப்பை விட்டவர்கள்தான் உலகத்தில் அதிகம். அவர்கள் முயற்சி இல்லாதவர்களா? அந்த அண்ணன் விபத்தைத் தாங்கி, வேலைக்கும் போய், குடும்பத்தையும் பார்க்கிறார். இப்போது "அவர் முடித்தாரே, நீ ஏன் முடிக்கவில்லை" என்று இன்னொரு பாரத்தையும் தூக்கி வைக்க வேண்டுமா? இடது கைக்கு மாற்றுவது என்றால் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஜமாவில் பேர் வாங்கியவர் சின்னப் பையன் மாதிரி உட்கார்ந்து பாடம் அடிக்க மனம் ஒப்புமா?

தருமபுரி கீபோர்டு டீச்சர்

635001 சார் கேட்டது நியாயம்தான். அந்தப் பாரத்தை நான் வகுப்பில் பார்க்கிறேன். என்னிடம் ஒரு மாணவி, பிறவியிலேயே வலது முன்னங்கை இல்லை. அவள் அம்மா கையில் போனை வைத்துக்கொண்டு, சோகப் பாட்டுப் பின்னணியில் ஓடும் வீடியோக்களைக் காட்டிக்கொண்டே இருப்பார். அந்தப் பெண் ஒருநாள் என்னிடம், "மிஸ், அவங்க என்ன வாசிக்கிறாங்கன்னே கேட்க முடியல, கையை மட்டும்தான் காட்டுறாங்க" என்றாள். அவள் கேட்டது சரி. எந்த விரலில் எந்த சுரம், பெடலை எப்போது விட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டும். கண்ணீர் அவளுக்கு எதற்கு?

அதனால் பால் விட்கென்ஸ்டைன் கதையை அவளுக்கு வேறு விதமாகச் சொன்னேன். வியன்னாவின் பியானோக்காரர், தத்துவவாதி லுட்விக்கின் அண்ணன். முதல் உலகப் போரில், 1914-ல் வலது கையை இழந்தார். சைபீரியாவில் கைதியாக இருந்தபோது ஒரு மரப்பெட்டியில் இடது கையால் தட்டித் தட்டியே பழகினார். திரும்பி வந்ததும் பெரிய இசையமைப்பாளர்களுக்குப் பணம் கொடுத்து இடது கைக்கு மட்டும் எழுதச் சொன்னார். அனுதாபத்துக்காக யாரும் எழுதித் தரவில்லை, கூலி கொடுத்து எழுத வைத்தார். அவர்களில் ராவெல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது 1932 ஜனவரியில் வியன்னாவில் அரங்கேறியது.

அதைக் கண்ணை மூடிக் கேட்டால் ஒரு கை என்று சொல்லவே மாட்டீர்கள். காரணம் இருக்கிறது. இடது கையில் கட்டைவிரல் மேல் சுரங்களின் பக்கம் இருக்கிறது, விரல்களில் அதுதான் பலசாலி. அதனால் பாட்டைக் கட்டைவிரல் பாடும். மற்ற நான்கும் கீழே ஓடிப்போய் ஆழமான ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு மேலே வந்துவிடும். காலால் பெடலை அழுத்தியிருப்பதால், கை விட்டுவிட்டு வந்த சுரம் இன்னும் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரு கை இரண்டு இடத்தில் இருப்பது போலக் கேட்பது அப்படித்தான். என் மாணவி கைக்கான பாடங்களை எல்லாம் விட்டுவிட்டு முதலில் பெடலைத்தான் பழகினாள். இப்போது அவள் வாசித்தால் பக்கத்து அறையில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் வாசிப்பதாக நினைத்து எட்டிப் பார்க்கிறார்கள்.

எங்கள் ஆண்டு விழாவில் அவள் வாசிப்பதற்கு முன்னால் கையைப் பற்றி மைக்கில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ராகத்தின் பெயர், தாளத்தின் பெயர், அவள் பெயர். அவ்வளவுதான்.

மொரப்பூர் வயலின்

எனக்குப் பார்வை இல்லை. போன் வாசித்துக் காட்டுகிறது, நான் பேசி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சரம்மா சொன்னதை இரண்டு கையாலும் வரவேற்கிறேன். எங்களைப் பற்றி எல்லோரும் சொல்வது, "கண்ணை எடுத்த கடவுள் காதைக் கொடுத்தார்." கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். நான் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்ததை எல்லாம் கடவுள் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கும்பகோணம் சரப சாஸ்திரிகள் 1872-லிருந்து 1904 வரை முப்பத்திரண்டு வருடம்தான் வாழ்ந்தார். சின்ன வயதிலேயே பார்வை போனவர். புல்லாங்குழலைக் கச்சேரி மேடைக்குரிய வாத்தியமாக நிலைநிறுத்தியவர் அவர்தான். அது சும்மா வந்துவிடுமா? வயலின் எம். சந்திரசேகரன் ஐயா குழந்தையிலேயே பார்வை இழந்தவர், அம்மாவிடம் பாடம் கேட்டார், 2005-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். அவர் வில் போடுவதைக் கேட்டுத்தான் எனக்கு வயலின் ஆசையே வந்தது.

ஓசூர்க்காரர்களுக்குக் கதக் என்ற ஊர் தெரிந்திருக்கும். கர்நாடகத்தில் இருக்கிறது. பஞ்சாட்சரி கவாய், அவருடைய சீடர் புட்டராஜ கவாய், இருவருமே பார்வை இல்லாதவர்கள். அங்கே வீரேஸ்வர புண்ணியாசிரமத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்குத் தங்க இடம் கொடுத்து, சோறு போட்டு, இசை சொல்லிக் கொடுக்கிறார்கள். புட்டராஜருக்கு 2010-ல் பத்மபூஷண் கிடைத்தது, அதே வருடம் காலமானார். நம் மாவட்டங்களில் அப்படி ஓர் இடம் இருந்திருந்தால் என் இளமை வேறு மாதிரி போயிருக்கும்.

நம் சங்கீதம் காதால் போவது, குரு பாடுவார், நாம் திருப்பிப் பாடுவோம். அதில் எங்களுக்குத் தடை இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பக்கவாத்தியக்காரருக்குப் பாடகர் கண்ணாலேயே ஜாடை காட்டுவார்: இந்தச் சங்கதியை நீ வாங்கிக்கொள், இத்தோடு முடிக்கிறேன் என்று. எனக்கு அது கிடைக்காது. அதனால் பாடகரின் மூச்சைக் கவனிப்பேன். முடிக்கும் முன் மூச்சு ஆழமாக இறங்கும். தாளம் போடும் கை தொடையில் விழும் சத்தம் எனக்குக் கேட்கும்படி உட்காருவேன். மைக் மானிட்டரை ரொம்பக் கூட்டி வைத்தால் அந்தச் சத்தம் அமுங்கிவிடும். மேடை ஏறினதும் சவுண்ட்காரரிடம் நான் கேட்கும் முதல் உதவியே அதைக் குறைக்கச் சொல்வதுதான்.

இன்னொரு கஷ்டம் கூலி. திருமணக் கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்கள், "பாவம், ஏதோ ஒத்தாசை பண்றோம்" என்ற தொனியில் பேசிவிட்டு மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். திரும்பி வர ராத்திரி வண்டி இருக்காது. துணைக்கு ஒரு ஆள் வேண்டும், அவருக்கும் டிக்கெட் என் கையிலிருந்து. ஜோலார்பேட்டை, சேலம் வண்டிகளில் என் நண்பர்கள் ஸ்பீக்கர் பெட்டியோடு பாடிக்கொண்டு போவார்கள். பத்து ரூபாய் போடுகிறவர்களில் பல்லவி முடியும்வரை கேட்கிறவர்கள் அபூர்வம். இசைக்காக ஒருவரைக் கூப்பிடுங்கள், இசைக்கு உள்ள கூலியைக் கொடுங்கள். பாவம் பார்ப்பதை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணத்துத் தம்பி, உன் அண்ணன் கூத்து பார்க்கவும் வருவதில்லை என்றாயே, அதுதான் எனக்கு வலிக்கிறது. கை போகட்டும், அவருடைய காதும் தாளமும் அப்படியே இருக்கின்றன. முதலில் கேட்கவாவது கூட்டிக்கொண்டு வா.

பென்னாகரம் பம்பை

வயலின் அண்ணனுக்கு வணக்கம். கூலி விஷயம் அப்படியே உண்மை.

எனக்குப் போலியோவில் இடது கால் சூம்பிப் போனது. எங்கள் குடும்பமே பம்பைதான். பம்பையை இடுப்பில் கட்டி, நின்றபடி, ஊர்வலத்தோடு நடந்து, ஆடிக்கொண்டே வாசிக்க வேண்டும். என்னால் முடியாது என்று அப்பா சின்ன வயதில் உடுக்கையைக் கொடுத்து உட்கார வைத்தார். அப்புறம் என் மாமா ஒருவர் வெல்டிங் பட்டறையில் மூன்று கால் வைத்து ஒரு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தார். பம்பை இரண்டும் அதில் உட்காரும், நான் ஸ்டூலில் உட்காருவேன். ஊர்வலம் வந்தால் ஸ்டாண்டோடு டிராக்டரில் ஏற்றிவிடுவார்கள். முதல் திருவிழாவில் ஊர்ப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், உட்கார்ந்துகொண்டா அம்மனை அழைப்பது என்று. அருள் வந்த பிறகு பேச்சு அடங்கிவிட்டது.

இட்ஷாக் பெர்ல்மன் என்று ஒரு வயலின் மேதை, நாலு வயதில் போலியோ வந்தவர், உட்கார்ந்துதான் வாசிப்பார் என்று என் மகள் போனில் காட்டினாள். வெளிநாட்டில் தனி வயலின்காரர் நின்று வாசிப்பதுதான் வழக்கமாம். நம்மூரில் எல்லா வித்வானும் உட்கார்ந்துதானே வாசிக்கிறார். வழக்கம் என்பது ஊருக்கு ஊர் மாறுகிற விஷயம், அதற்காக ஒருவரை வெளியே நிறுத்தலாமா?

ஊத்தங்கரை நர்ஸ்

மருத்துவப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். விரல் துண்டான முனையில் நரம்பு நுனி முடிச்சுப் போட்டுக்கொள்ளும். லேசாகத் தட்டினாலே ஷாக் அடித்த மாதிரி இருக்கும். போன நுனியே வலிப்பது போலவும் இருக்கும். அந்த முனையோடு தோலில் அடித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அவர் மிருதங்கத்தைத் தொடாமல் இருப்பதற்கு மனம் மட்டும் காரணமாக இருக்காது, கேட்டுப் பாருங்கள்.

இதற்குப் பயிற்சி இருக்கிறது. முதலில் பஞ்சு, அப்புறம் மெல்லிய துணி, அப்புறம் சொரசொரப்பான துண்டு என்று முனையைத் தினமும் தேய்த்துப் பழக்க வேண்டும். ஒரு டப்பாவில் தானியம் போட்டு உள்ளே கையை விட்டு அளையச் சொல்வோம். நம் வீட்டில் ராகிக்குப் பஞ்சமா? ராகி சின்ன மணி, அதில் ஆரம்பிக்கலாம். பொறுத்துக்கொள்ள முடிந்ததும் அரிசி, பிறகு மொச்சை. நரம்பு மெல்ல மெல்லப் பழகும். பழகாமல் வலி அதிகமாகவே இருந்தால் கை அறுவை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருந்தால் நிரந்தர ஊனத்துக்கான மாதப் பலன் கேட்க அவருக்கு உரிமை உண்டு. மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் போடும். வேலைக்குத் திரும்பிவிட்டார் என்பதற்காக அது இல்லாமல் போகாது. இதைக் கம்பெனிகள் தானாகச் சொல்வதில்லை.

ஓசூர் கிட்டார்

நர்ஸ் அக்காவுக்கு நன்றி. இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான்.

கருவியை மாற்றிக்கொள்வது பற்றி இன்னும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். டெஃப் லெப்பர்ட் என்ற ராக் குழுவின் டிரம்மர் ரிக் ஆலன், 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையை இழந்தார். இடது கை செய்த வேலையை இடது காலுக்குக் கொடுத்து, மின்னணு டிரம்மில் பெடல்கள் வைத்துக்கொண்டார். குழு அவருக்காகக் காத்திருந்தது. 1987-ல் வந்த அவர்களுடைய ஆல்பத்தில் வாசித்தவர் அவர்தான். அந்தக் காத்திருப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் கிளீசர், இரண்டு கையும் இல்லாமல் பிறந்தவர், ஹார்ன் என்ற ஊது வாத்தியம் வாசிக்கிறார். ஹார்னில் வால்வுகளை அழுத்துவது இடது கை, அதை இடது கால் விரல்களால் செய்கிறார். வலது கையை ஹார்னின் வாய்க்குள் விட்டு ஒலியை மட்டுப்படுத்துவது வழக்கம். அது அவருக்கு இல்லை, உதட்டாலும் மூச்சாலுமே அந்த நிறத்தைக் கொண்டுவருகிறார்.

கிருஷ்ணகிரி 635001

எல்லாம் படித்தேன். டிரம்மருக்காகக் குழு காத்திருந்தது என்றார் கிட்டார் நண்பர். அதைத்தான் நானும் சுற்றி வளைத்துக் கேட்டேன் போல. அந்த ஜமா வாத்தியார் இந்த அண்ணனைத் தேடி வீட்டுக்கு வந்தாரா? வரவில்லை என்றால் தம்பி போய் அவரிடம் முதலில் பேசட்டும். அண்ணனிடம் பேசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

காவேரிப்பட்டணத்தான்

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

635001 சார் சொன்னபடி வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். அவர் இத்தனை நாள் வராததற்குக் காரணம், "போய் நின்றால் அவன் மனசு நோகுமே" என்ற தயக்கம்தானாம். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். விரலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கர்ண மோட்சக் கூத்தில் கர்ணன் மனைவி பொன்னுருவி வரும் இடத்துக்கு இப்போது வாசிக்கிற பையன் காலப்பிரமாணத்தை, அதாவது தாள வேகத்தை, இழுக்கிறான், நீ வந்து சொல்லிக் கொடு என்று மட்டும் கேட்டார். அண்ணன் போய் வாயாலேயே சொற்கட்டு சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் இந்த இழையைக் காட்டினேன். நர்ஸ் அக்கா சொன்னது சரியாக இருந்தது, முனையில் வலி இருப்பதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். இப்போது ராத்திரி டிவி பார்க்கும்போது ராகி டப்பாவில் கை. இ.எஸ்.ஐ. பேப்பர்களையும் எடுத்து வைத்திருக்கிறோம்.

தவில் அண்ணா, பழனி பிள்ளை விஷயத்தைப் படித்ததும் பரணிலிருந்து அவரே மிருதங்கத்தை இறக்கித் திருப்பிப் போட்டார். தொப்பிப் பக்கம் வலது கையில் பரவாயில்லை என்கிறார். இடது கையில் 'நம்' இன்னும் பேசவில்லை, ஆள்காட்டி விரல் விளிம்பில் பட்டதும் மோதிர விரல் தானாகத் தூக்கிக்கொள்கிறதாம். இதற்கு என்ன செய்வது?

அரூர் தவில்

ரொம்ப சந்தோஷம் தம்பி. மோதிர விரல் தூக்குவது எல்லோருக்கும் ஆரம்பத்தில் வருவதுதான், அவருக்கு வலது கையில் எப்போதோ சரியானதால் மறந்திருப்பார். அடிக்காமல், மோதிர விரலை மட்டும் சோற்றின் ஓரத்தில் வைத்துக்கொண்டு மற்ற விரல்களை ஆட்டிப் பழகச் சொல்லுங்கள். வேகம் வேண்டாம், முதல் காலத்திலேயே இருக்கட்டும். இடது முன்கை சீக்கிரம் இறுகும், இறுகினால் உடனே நிறுத்த வேண்டும்.

பரணில் கிடந்தது என்றால் வார் தளர்ந்திருக்கும், வலந்தலையும் காய்ந்திருக்கும். அதோடு போராடினால் யாருக்கும் 'நம்' வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் காவேரிப்பட்டணம் வழியாகத்தான் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். முகூர்த்தம் முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு வந்து வாரைப் பிடித்துத் தருகிறேன். தொப்பியில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் ரவையை ஊறவைத்து வையுங்கள். விலாசத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.